தீயைத் தாங்கும் வேலை உடுப்பு தைப்பவர்களுக்கு: டர்பனிலிருந்து சில கேள்விகளும் பதில்களும்

தென்னாப்பிரிக்காவில் நம் டர்பனின் சாட்ஸ்வர்த்திலும் ஃபீனிக்ஸிலும் கராஜுக்குள் நாலு மெஷின் போட்டு சி.எம்.டி. (கட், மேக், ட்ரிம்) வேலை செய்யும் நம் குடும்பங்கள் நிறைய. துணியும் அளவும் கடைக்காரர் கொடுப்பார், வெட்டித் தைத்துக் கொடுத்தால் கூலி. வெளிநாட்டு மலிவுத் துணிமணி வந்து அந்த வேலை சுருங்கிய பிறகு பலரும் வேலை உடுப்புப் பக்கம் திரும்பியிருக்கிறார்கள். வெல்டர், எலக்ட்ரீஷியன், ஃபவுண்டரி ஆள், எண்ணெய் ஆலை ஆள் என்று தீயோடு வேலை செய்கிறவர்களுக்கான ஆர்டர் வரும்போது மட்டும் கொஞ்சம் தயங்குகிறார்கள். தயங்குவது நியாயம்தான். துணியும் நூலும் பழகாதவை. தையலில் பிசகினால் காயம் உடுத்தியவருக்கு. இந்த உடுப்பு தைப்பதே என் தொழில் என்பதால் என்னிடம் அடிக்கடி வரும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

அராமிட் என்கிறார்களே, அது என்ன? நோமெக்ஸும் கெவ்லாரும் ஒன்றா?

இரண்டும் அராமிட் குடும்பம்தான், ஆனால் குணம் வேறு. அராமிட் என்பது நைலானுக்கு உறவுக்கார செயற்கை இழை. நைலானின் மூலக்கூறு வளைந்து கொடுக்கும் சங்கிலி. அராமிட்டில் அந்தச் சங்கிலி முழுக்க இறுக்கமான பென்சீன் வளையங்கள். அந்த இறுக்கத்தால்தான் சூட்டில் உருகி ஓடாமல் நிற்கிறது.

நோமெக்ஸ் மெட்டா அராமிட் வகை. டூபான்ட் நிறுவனம் 1967இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. மென்மையாக இருக்கும், தைக்கலாம், உடுத்தலாம். தீத்தடுப்பு உடுப்புக்கென்றே பிறந்த இழை என்று சொல்லலாம். ஜப்பானின் டெய்ஜின் நிறுவனத்தின் கோனெக்ஸும் இதே வகை. கெவ்லார் பாரா அராமிட். அதே டூபான்ட்டில் ஸ்டெஃபனி க்வோலெக் என்ற வேதியியலாளர் 1965இல் கண்டுபிடித்தது. எடைக்கு எடை பார்த்தால் எஃகைவிடப் பல மடங்கு வலு. டுவாரான் என்ற பெயரில் வருவதும் பாரா அராமிட்தான். சுருக்கமாக, தீயைத் தாங்கி உடம்பில் இதமாக இருப்பது மெட்டா. இழுவையையும் வெட்டையும் தாங்குவது பாரா. பாராவும் தீயைத் தாங்கும், ஆனால் விறைப்பாக இருக்கும்.

பாலியஸ்டர் துணிக்கும் இதற்கும் தீயில் அப்படி என்ன வித்தியாசம்?

பாலியஸ்டர் ஏறக்குறைய 255–260 டிகிரி செல்சியஸில் உருகும். உருகிய பாலியஸ்டர் தோலில் ஒட்டிக்கொள்ளும். உரித்தால் தோலோடு வரும். தீயை விட அந்த ஒட்டல்தான் பெரிய புண்ணைத் தருகிறது. மெட்டா அராமிட் உருகவே உருகாது. 370 டிகிரி வாக்கில் கருகத் தொடங்கும். கருகும்போது இழை உப்பித் தடித்து, துணியின் கண்களை அடைத்து, தோலுக்கும் தீக்கும் நடுவில் ஒரு கரித்தட்டாக நிற்கும். தீ விலகினால் தானாக அணையும்.

இதை அளக்க ஓர் எண் உண்டு. துணி தொடர்ந்து எரிய, சுற்றியுள்ள காற்றில் எத்தனை விழுக்காடு ஆக்சிஜன் தேவை என்பது அது. நாம் மூச்சு விடும் காற்றில் 21. பருத்தி 18 இருந்தாலே எரியும், அதனால்தான் பற்றிக்கொண்டதும் நிற்காமல் எரிகிறது. நோமெக்ஸுக்கு 28 முதல் 30 வேண்டும். பிபிஐ என்ற இழைக்கு 41 வேண்டும். 1967இல் அப்போலோ 1 விண்கலத் தீயில் மூவர் இறந்த பிறகு விண்வெளி வீரர்களுக்கென்று அமெரிக்கர்கள் தேடிப் பிடித்த இழை இது. இன்று தீயணைப்பு வீரர்களின் கோட்டில் பாரா அராமிட்டுடன் கலந்து வருகிறது.

இங்கே எல்லா ஹார்ட்வேர் கடையிலும் டி59 கான்டி சூட் (ஜாக்கெட்டும் கால்சட்டையும் சேர்ந்த வேலை உடுப்பு) தொங்குகிறது. அது போதாதா?

பல வேலைகளுக்குப் போதும், அதைத் தாழ்வாக நினைக்க வேண்டாம். ஜே54 என்பது வெறும் பருத்தி. டி59 என்பது தீயும் அமிலமும் தாக்காதபடி மருந்து ஏற்றிய பருத்தி. அந்த மருந்திலுள்ள பாஸ்பரஸ், சூடு பட்டதும் பருத்தியை எரியும் வாயுவாகப் போக விடாமல் கரியாக மாற்றிவிடும்.

டி59இன் குறை இரண்டு. ஒன்று எடை. நம் பிப்ரவரி மாத ஈரப்புழுக்கத்தில் அதைப் போட்டுக்கொண்டு எட்டு மணி நேரம் வேலை செய்கிறவர் பட்டனைத் திறந்து விட்டுத்தான் நிற்பார், திறந்த சட்டை யாரையும் காக்காது. இன்னொன்று, மருந்தின் ஆயுள் துவைப்பைப் பொறுத்தது. ப்ளீச் போட்டுத் துவைத்தால் நாளடைவில் அது வெறும் பருத்தியாகிவிடும், பார்வைக்கோ அதே நீலம்தான். அராமிட்டில் தீத்தடுப்பு இழையின் பிறவிக் குணம், துவைத்தாலும் போகாது. அதே பாதுகாப்பைப் பாதி எடையில் தரும். ஆனால் விலை பல மடங்கு.

ஒரு வாடிக்கையாளர் கேட்டு வந்தால், முதலில் வேலை என்ன என்று கேளுங்கள். துணிப் பெயரைப் பிறகு பார்க்கலாம்.

அப்படியானால் எந்த வேலைக்கு எந்தத் துணி?

ஒவ்வொரு வேலையிலும் சூடு வேறு வழியாக வருகிறது. ஐஎஸ்ஓ 11612 என்ற தரம் அதை எழுத்துகளாகவே பிரித்து வைத்திருக்கிறது: ஏ தீ பரவுவது, பி தீநாக்கின் சூடு, சி தூரத்திலிருந்து வீசும் அனல், டி உருகிய அலுமினியம், ஈ உருகிய இரும்பு, எஃப் சூடான பொருளைத் தொடுவது. உடுப்பின் சீட்டில் இந்த எழுத்தும் பக்கத்தில் ஓர் எண்ணும் இருக்கும். பி முதல் எஃப் வரை எண் கூடினால் தாங்கும் திறன் கூடும்; ஏ பக்கத்து எண் சோதனை செய்த முறையை மட்டும் சொல்லும்.

வெல்டிங்குக்கு நான் அராமிட்டைப் பரிந்துரைப்பதில்லை. பொறி விழுந்து விழுந்து மெல்லிய துணியில் ஓட்டை போடும், வெல்டிங் வெளிச்சத்தின் புற ஊதா அராமிட்டின் பலத்தைத் தின்னும். கனமான தீத்தடுப்புப் பருத்தியும் மேலே தோல் ஏப்ரனும் கைக்கவசமும் போதும். வெல்டிங்குக்கென்று தனித் தரம் இருக்கிறது, ஐஎஸ்ஓ 11611.

எண்ணெய் ஆலையில் பயம் வேறு. வாயு கசிந்து குப்பென்று பற்றும், சில நொடிகள்தான். 2020 டிசம்பர் 4 அன்று தெற்கு டர்பனில் சுத்திகரிப்பு ஆலை வெடித்த காலையை மெரபேங்க் மக்கள் மறக்க மாட்டார்கள். அந்தச் சில நொடிகளுக்குத்தான் அராமிட் ஓவரால். என்எஃப்பிஏ 2112 என்ற அமெரிக்கத் தரத்தில் உடுப்பை ஒரு பொம்மைக்கு மாட்டி 3 நொடி முழுத் தீயில் நிறுத்தி, உடம்பில் எத்தனை பங்கு வெந்திருக்கும் என்று பார்க்கிறார்கள். பாதிக்கு மேல் போனால் தேறாது. இந்த இடத்தில் மெட்டா அராமிட் கலவைக்கு நிகரில்லை: லேசு, நாள் முழுக்கப் போடலாம், துவைப்பில் குணம் மாறாது.

மின்சார வேலையில் ஆபத்து ஆர்க், அதாவது மின்சாரம் காற்றில் பாய்ந்து வெடிக்கும் தீப்பிழம்பு. லோட் ஷெடிங் வந்த நாள் முதல் வீட்டுக்கு வீடு இன்வெர்ட்டரும் சோலாரும் மாட்டும் பிள்ளைகள் பெருகிவிட்டார்கள். அவர்களில் பலர் பாலியஸ்டர் கால்ஃப் சட்டையோடு டிபி போர்டை (வீட்டு மின் இணைப்புகள் சேரும் பலகையை) திறப்பதைப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. ஆர்க்கைத் தாங்கும் அளவு ஒரு சதுர சென்டிமீட்டருக்கு இத்தனை கலோரி என்று எழுதியிருக்கும். 8 என்பது சாதாரணமாகக் கேட்கப்படும் அளவு. இங்கே மோடாக்ரிலிக் என்ற தீத்தடுப்புச் செயற்கை இழை, பருத்தி, கொஞ்சம் அராமிட் சேர்ந்த கலவை அதே எடையில் சுத்த அராமிட்டைவிட நன்றாக நிற்கும். நம் நாட்டுத் தரம் எஸ்ஏஎன்எஸ் 724.

உருகிய உலோகத்துக்கு வரும்போது மிகவும் கவனம் வேண்டும். ரிச்சர்ட்ஸ் பே அலுமினிய உலை மாதிரியான இடங்களுக்கு ஆர்டர் வந்தால் அராமிட் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். உருகிய அலுமினியம் அராமிட்டில் வழுக்கி ஓடாமல் அப்படியே ஒட்டி நிற்கும். சூடு உள்ளே இறங்கிக்கொண்டே இருக்கும். கம்பளியும் தீத்தடுப்பு விஸ்கோஸும் கலந்த துணியில்தான் அது வழிந்து விழும். விலை அதிகமான துணி எல்லா இடத்திலும் சிறந்தது என்று நினைத்துத் தைத்துக் கொடுத்தால் ஒருவரின் தொடை வெந்துவிடும். உலை வாயில் அனலைத் திருப்ப அலுமினியப் பூச்சு போட்ட கோட்டு தனி. அதில் அடித்துணி அராமிட்டாக இருக்கலாம்.

தீயணைப்பு வீரரின் கோட்டு மூன்று அடுக்கு: வெளியே பிபிஐயோ பாரா அராமிட்டோ, நடுவில் தண்ணீர் புகாத சவ்வு, உள்ளே அராமிட் ஃபெல்ட். அதைக் கராஜில் தைக்க முயல வேண்டாம். அந்தச் சவ்வில் ஊசி போன ஒவ்வொரு துளையையும் சீல் செய்யத் தனி மெஷின் வேண்டும்.

கெவ்லார்தான் பலம் என்கிறீர்கள். முழு ஓவராலையும் அதிலேயே தைத்துவிடலாமே?

வெயில் அதற்கு ஆகாது. புற ஊதாவில் மஞ்சள் பழுப்பாகும், பலமும் சேர்ந்து இறங்கும். உரசலில் பஞ்சு பஞ்சாகப் பிரியும். உடம்புக்கும் முரடு.

ஆனால் கொஞ்சம் சேர்த்தால் அற்புதம் செய்யும். நோமெக்ஸ் IIIஏ என்று கேள்விப்பட்டிருப்பீர்கள்: 93 விழுக்காடு நோமெக்ஸ், 5 கெவ்லார், 2 நிலை மின்சாரத்தை வடிக்கும் கார்பன் இழை. சுத்த மெட்டா அராமிட் தீயில் சுருங்கி விரிசல் விடும், விரிசல் வழியாகத் தீ உள்ளே வரும். அந்த 5 விழுக்காடு கெவ்லார் கரியைப் பிடித்து வைத்துக்கொண்டு விரிய விடாது. அந்த 2 விழுக்காடு, வாயு நிறைந்த இடத்தில் சட்டை உரசி ஒரு பொறி பறக்காமல் பார்த்துக்கொள்ளும்.

டைனிமா இன்னும் பலமாமே?

பலம்தான், ஆனால் அது பாலிஎத்திலீன். 150 டிகிரிக்குள் உருகிவிடும். வெட்டுத் தாங்கும் கையுறைக்கு வைத்துக்கொள்ளுங்கள், தீப் பக்கம் கொண்டுபோக வேண்டாம்.

கடைக்காரர் நோமெக்ஸ் என்று சொல்லித் தந்தார். அசலா என்று எப்படிப் பார்ப்பது?

முதலில் தாளைக் கேளுங்கள்: எந்த மில், எந்தக் கலவை, எந்த லாட். தாள் தர மறுக்கிறவரிடம் தீத்தடுப்புத் துணி வாங்கவே வேண்டாம்.

பிறகு எரித்துப் பார்க்கலாம். வீட்டுக்கு வெளியே, காற்று வீசாத மூலையில், ஒரு தகரத் தட்டும் ஒரு வாளித் தண்ணீரும் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு விரல் அகலத் துண்டை இடுக்கியில் பிடித்து, கீழ் ஓரத்தில் தீயைக் காட்டி, பத்து வரை எண்ணி எடுங்கள். பாலியஸ்டர் என்றால் தீயிலிருந்து சுருண்டு விலகும், கறுப்புப் புகை வரும், சொட்டும். ஆறியபின் ஓரத்தில் கெட்டியான உருண்டை இருக்கும். வெறும் பருத்தி என்றால் காகிதம் எரிந்த வாசனை, தீயை எடுத்த பிறகும் ஏறிக்கொண்டே போகும். அராமிட் சொட்டாது. தீ பட்ட இடம் கறுத்து விறைத்து நிற்கும், தீயை எடுத்ததும் அடங்கிவிடும். விரலால் அழுத்தினால் கரி முறியும், பிசுபிசுப்பு இருக்காது.

தீத்தடுப்புப் பருத்தியும் இதே போல அடங்கிவிடும் என்பதுதான் சிக்கல். அதனால் இந்தச் சோதனையால் மோசமான போலியைக் கண்டுபிடிக்கலாமே ஒழிய, இது இன்ன இழை என்று நிரூபிக்க முடியாது. மஞ்சளாக இருப்பதெல்லாம் கெவ்லார் என்பதும் பொய். பருத்தியையும் மஞ்சளாகச் சாயம் போடலாம்.

துணியின் கனத்தைச் சிலர் அவுன்ஸில் சொல்கிறார்கள், சிலர் கிராமில்.

ஒரு சதுர கஜத்துக்கு ஓர் அவுன்ஸ் என்றால் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 34 கிராம். 4.5 அவுன்ஸ் நோமெக்ஸ் என்றால் 150 கிராம், 6 அவுன்ஸ் என்றால் 200 கிராம். அராமிட் ஓவராலுக்கு இந்த இரண்டும்தான் அதிகம் புழங்குபவை.

நூல் எதுவானாலும் ஒன்றுதானே அக்கா? வெளியே தெரியப் போவதில்லையே?

என்னிடம் வேலை பழக வரும் பிள்ளைகள் எல்லாரும் கேட்கும் கேள்வி இது. இந்தப் பக்கத்தில் வேறு எதைப் படிக்காவிட்டாலும் இந்தப் பதிலைப் படித்துவிடுங்கள்.

டர்பனில் தொழிற்சாலைகள் உள்ள ஜேக்கப்ஸ் பக்கம் வேலை செய்யும் பாய்லர்மேக்கர் (கொதிகலன், இரும்புத் தகடு வேலை செய்யும்) தம்பி ஒருவர் ஒரு ஜாக்கெட்டைக் கொண்டுவந்தார். "அக்கா, கை மட்டும் பிரிஞ்சு போச்சு, ஒட்டித் தந்தா போதும்" என்றார். விளக்குக்கடியில் விரித்துப் பார்த்தேன். நல்ல மெட்டா அராமிட் துணி, லேசாகக் கறுத்திருந்தது, எங்கும் ஓட்டையில்லை. ஆனால் அக்குளிலிருந்து முழங்கை வரை தையல் முழுக்கத் திறந்து கிடந்தது. ஊசி போன துளைகள் வரிசையாக, ஒன்றுகூடக் கிழியாமல் இருந்தன. நூல் மட்டும் இல்லை. திறந்த இடம் முடியும் இரண்டு முனையிலும் கடுகைவிடச் சின்னதாகக் கெட்டியான கறுப்பு மணி ஒன்று. பாலியஸ்டர் நூல் உருகி உறைந்த மணி. தம்பி சட்டைக் கையைச் சுருட்டிக் காட்டினார். தையல் போன வழியிலேயே தோலில் ஒரு நீளத் தழும்பு.

துணி தன் வேலையைச் செய்தது. சில ராண்ட் மிச்சம் பிடிக்க யாரோ போட்ட நூல்தான் அவரைச் சுட்டது.

ஆகவே பாலியஸ்டர், நைலான் நூல் கூடாது. பருத்தி சுற்றிய பாலியஸ்டர் நூலும் கூடாது, தொட்டால் பருத்தி போலவே இருந்து ஏமாற்றும். வெறும் பருத்தி நூல் எரிந்துவிடும். மெட்டா அராமிட்டில் நூற்ற தையல் நூல் கிடைக்கிறது, டெக்ஸ் (நூலின் தடிமன் அளவு) 40 முதல் 70 வரை உடுப்புக்குச் சரி. இழுவை அதிகம் உள்ள இடத்துக்கு உள்ளே பாரா அராமிட் வைத்த நூல். பாபின் நூலும் அதேதான். ஓவர்லாக் மெஷினின் எல்லாக் கூம்பும் அதேதான். பட்டன் துளை, பார்டாக், லேபிள் தைக்கும் நூல் எல்லாமும் அதேதான். கராஜில் சாதாரண நூலும் இந்த நூலும் சேர்ந்து இருந்தால் கலந்துவிடும். தனி அலமாரி வையுங்கள். புதுக் கூம்பு வந்தால் ஒரு சாண் நூலை எரித்துப் பாருங்கள். சுருண்டு மணியானால் திருப்பி அனுப்புங்கள்.

மெஷின், ஊசி மாற்ற வேண்டுமா?

மெஷின் மாற்ற வேண்டாம். வேகமாக ஓடும் தொழிற்சாலை மெஷினில் ஊசியே 200 டிகிரியைத் தாண்டும், அராமிட் நூல் அதில் உருகாது என்பது நமக்கு வசதி. ஆனால் இந்த இழை ஊசியைச் சீக்கிரம் மழுக்கும். டைட்டானியம் நைட்ரைடு பூசிய பொன்னிற ஊசி நெடுநாள் நிற்கும். 150–200 கிராம் துணிக்கு 90 அல்லது 100ஆம் எண் ஊசி, கனமானதற்கு 110. முனை லேசாக உருண்டையாக இருக்கட்டும். கூர்முனை இழையை வெட்டிவிடும். தையல் அங்குலத்துக்கு 8 முதல் 10. இதற்கு மேல் நெருக்கினால் துளைக்குத் துளை துணி பலமிழக்கும். வேகத்தைக் குறையுங்கள்.

வெட்டுவதற்கு?

மெட்டா அராமிட்டை நல்ல கத்தரிக்கோலே வெட்டும். பாரா அராமிட் வேறு கதை. சாதாரணக் கத்தரியில் நழுவும், மெல்லும், ஓரம் பிய்யும். அலகில் நுண்ணிய பல் வெட்டிய கத்தரி இதற்கென்றே விற்கிறது. அதை வேறு எதையும் வெட்டப் பயன்படுத்தாமல் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். ஓரம் சீக்கிரம் நூல் பிரியும் என்பதால் தையலுக்கு ஒன்றரை சென்டிமீட்டராவது விடுங்கள். டி59 வகைத் துணியை வெட்டுமுன் ஒருமுறை நனைத்துச் சுருக்கிவிடுவது நல்லது.

தையலும் அமைப்பும் எப்படி இருக்க வேண்டும்?

ஜீன்ஸ் காலின் உள்பக்கம் பார்த்திருப்பீர்கள், இரண்டு ஓரமும் ஒன்றுக்குள் ஒன்று மடங்கி இரட்டை வரியாகத் தைத்திருக்கும். எல்லா முக்கியத் தையலும் அப்படித்தான் வேண்டும். வெளி வரி போனாலும் உள் வரி பிடிக்கும், பிசிறும் தெரியாது.

மற்றதெல்லாம் ஒரே எண்ணத்திலிருந்து வருகிறது: பொறி தங்க இடமும், சூடு உள்ளே போக வழியும் கொடுக்கக் கூடாது. கால் கீழே வெளிமடிப்பு வேண்டாம். பைக்கு மூடி வேண்டும், பையின் வாயைவிட இரு பக்கமும் ஒரு சென்டிமீட்டர் அகலமாக. ஜாக்கெட் கால்சட்டைக்கு மேல் நன்றாக இறங்க வேண்டும், குனிந்தாலும் இடுப்பு தெரியக் கூடாது. ஜிப்பின் பல் பித்தளை. வெளியே துணி மூடியும், உள்ளே தோலில் படாமல் இன்னொரு பட்டியும்.

தவறவிடும் இடங்கள் நாலு. ஜிப்பின் பல் பித்தளையாக இருந்தாலும் அது தைத்திருக்கும் நாடா பாலியஸ்டராக இருக்கும். தீத்தடுப்பு நாடா கேட்டு வாங்குங்கள். வெல்க்ரோ நைலான், அதிலும் தீத்தடுப்பு வகை தனியாக இருக்கிறது. இடுப்பு எலாஸ்டிக்கைத் துணிக் குழாய்க்குள் முழுக்க மறையுங்கள். நாலாவது காலர். காலருக்கும் கஃபுக்கும் இஸ்திரிப் பெட்டியால் ஒட்டும் கேன்வாஸ் போடுவது நம் பழக்கம். அந்தப் பசை ஒரு பிளாஸ்டிக். தீயில் அது கழுத்தருகே உருகும். கேன்வாஸை விட்டுவிட்டு அதே அராமிட் துணியை இன்னொரு அடுக்கு வைத்துத் தையுங்கள், காலர் நன்றாகவே நிற்கும்.

கம்பெனி பெயரை நெஞ்சில் எம்பிராய்டரி செய்யச் சொல்வார்கள். எம்பிராய்டரி நூல் பெரும்பாலும் ரேயானோ பாலியஸ்டரோதான். சின்னதாக, அராமிட் நூலில் செய்து தருகிறேன் என்று சொல்லுங்கள். முதுகு முழுக்கப் பளபளக்கும் பெரிய லோகோ என்றால் மறுத்துவிடுங்கள். ரிஃப்ளெக்டிவ் டேப்பிலும் தீத்தடுப்பு வகை உண்டு, அதைத்தான் தைக்க வேண்டும்.

வெள்ளைத் துணி வாங்கி நாமே சாயம் போடலாமா?

முடியாது. இழை அவ்வளவு இறுக்கம், வீட்டுச் சாயம் உள்ளே போகாது. நூற்பதற்கு முன்பே கரைசலில் நிறம் சேர்ப்பார்கள், அல்லது அழுத்தக் கலனில் 120 டிகிரிக்கு மேல் சாயமேற்றுவார்கள். வேண்டிய நிறத்திலேயே வாங்குங்கள்.

உள்ளே என்ன போட்டுக்கொள்வது?

பருத்தி அல்லது கம்பளி. வெளி உடுப்பு கருகாமல் நின்றாலும் அதைத் தாண்டி வரும் சூட்டுக்கே நைலான் உள்ளாடை உருகும். ஆலையில் வேலை செய்யும் பெண்களிடம் இதைத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் கடையில் மலிவாகக் கிடைக்கும் உள்ளாடைகளில் பெரும்பாலானவை நைலான். லேசான பருத்தி பனியன் ஒன்று உள்ளே இருந்தால் நடுவில் நிற்கும் காற்றும் ஒரு கவசம். அதனாலேயே ஓவராலை உடம்போடு ஒட்டத் தைக்காதீர்கள்; ஒரு அளவு தாராளமாகவே இருக்கட்டும்.

எப்படித் துவைப்பது? நல்ல உடுப்பும் வீட்டுக்குப் போனதும் கெட்டுவிடுகிறதே?

தைத்துக் கொடுக்கும்போது வாடிக்கையாளரிடம் ஒரு தாள் கொடுங்கள், தமிழிலோ ஆங்கிலத்திலோ ஜூலுவிலோ, அவருக்குப் புரியும் மொழியில். ஜிக் மாதிரியான குளோரின் ப்ளீச் கூடாது. அராமிட்டின் பலத்தையும் தீத்தடுப்புப் பருத்தியின் மருந்தையும் இரண்டையும் அது கெடுக்கும். வாசனைக்காகப் போடும் துணி மென்மையாக்கி கூடாது. இழைமேல் எரியக்கூடிய கொழுப்புப் பூச்சை விட்டுச் செல்லும். கஞ்சி போடவே கூடாது. சோப்புக்கட்டி வேண்டாம், பவுடரோ திரவமோ போதும், 60 டிகிரித் தண்ணீர் போதும்.

கிரீஸும் எண்ணெயும் ஊறிய உடுப்பு எந்தத் துணியானாலும் எரியும். துணி எரியாது, மேலே இருக்கும் எண்ணெய் எரியும். வாரக் கடைசிவரை காத்திருக்காமல் அன்றன்றே துவைக்கச் சொல்லுங்கள். கொசுவுக்குத் தடவும் மருந்தும் எரியும், அதை உடுப்பின்மேல் அடிக்க வேண்டாம். உலர்த்துவது நிழலில், உள்பக்கம் வெளியே திருப்பி. நம் டர்பன் வெயிலில் கொடியில் தொங்கிக்கொண்டே இருந்தால் அராமிட் நிறம் மங்கும், பலமும் போகும்.

கிழிந்ததைப் பழுது பார்க்கலாமா?

சின்னக் கிழிசலை அதே துணி, அதே நூலால் ஒட்டுப் போடலாம். இஸ்திரியில் ஒட்டும் பேட்ச் கூடாது. துணி ஒளி தெரியும் அளவுக்குத் தேய்ந்திருந்தாலோ, தீ பட்டு எங்காவது விறைத்திருந்தாலோ அதை விட்டுவிட வேண்டியதுதான். முன் சொன்ன ஜாக்கெட்டையும் நான் தைத்துத் தரவில்லை. எல்லாத் தையலும் அதே நூல், ஒரு கையை மட்டும் ஒட்டிக் கொடுத்து என்ன பயன்.

'ஃபயர்ப்ரூஃப்' என்று லேபிள் போட்டு விற்கலாமா? சான்றிதழ் எடுப்பது எப்படி?

அந்தச் சொல்லையே எழுதாதீர்கள். தீ புகாத உடுப்பு என்று ஒன்று இல்லை. தோல் 44 டிகிரியிலேயே சேதப்படத் தொடங்குகிறது. தீயணைப்பு வீரரின் மூன்றடுக்குக் கோட்டுக்கே அமெரிக்கத் தரம் கேட்பது, முழுத் தீயில் கொப்புளம் வருமுன் 17.5 நொடி. அந்த நொடிகள் ஓடி வெளியே வருவதற்கு. உங்கள் ஒற்றை அடுக்கு ஓவரால் தருவது அதைவிட மிகக் குறைவு. உடுத்துகிறவருக்கு இது தெரிந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் தைரியமாக உள்ளே நிற்பார்.

துணிக்குச் சான்று இருப்பதால் உங்கள் உடுப்புக்குச் சான்று வந்துவிடாது. நூல், ஜிப், டேப், அமைப்பு எல்லாம் சேர்ந்த உடுப்பைச் சோதனைச் சாலை பார்க்க வேண்டும். அது செலவான காரியம். சின்னக் கூடங்களுக்கு நடைமுறையான வழி, சான்று பெற்ற கம்பெனிக்கு சி.எம்.டி.யாக அவர்கள் கொடுக்கும் பொருளை மட்டும் வைத்து, அவர்கள் அமைப்பை மாற்றாமல் தைப்பது. ஜிப் தீர்ந்துவிட்டது, கையில் இருந்ததைப் போட்டேன் என்ற பேச்சுக்கு அங்கே இடமில்லை.

முதலாளி சம்பளத்தில் பிடித்துக்கொண்டு உடுப்பு தருகிறார். சரியா?

சரியில்லை. 1993ஆம் ஆண்டின் 85ஆம் எண் தொழில் சுகாதார, பாதுகாப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவு இதற்காகச் சம்பளத்தில் கை வைப்பதைத் தடுக்கிறது. தொழிலாளி நேராக உங்களிடம் வந்து தன் காசில் தைக்கச் சொன்னால், தைக்கும் முன் இதை அவர் காதில் போட்டுவிடுங்கள்.

ஈஸ்டர் சமயம் கோயிலில் தீமிதிக் குழிக்குத் தணல் பரப்பும் பையன்களுக்கு ஏதாவது தைத்துத் தரலாமா?

தாராளமாக. விரதமிருந்து இறங்குகிற பக்தர்களின் மஞ்சள் உடையைப் பற்றி நான் பேசவில்லை; அது பருத்தியாக இருந்துவிட்டால் போதும், முந்தானையும் வேட்டித் தொங்கலும் இறுக்கிக் கட்டியிருக்க வேண்டும். குழியோரம் மணிக்கணக்கில் அனலில் நின்று நீளக் கம்பால் தணல் இழுக்கிறவர்கள்தான் அதிகம் வேகிறார்கள், அவர்களில் பலர் கட்டியிருப்பது பளபளக்கும் பாலியஸ்டர் வேட்டி. அவர்களுக்குக் கனமான தீத்தடுப்புப் பருத்தியில் முழங்கால் தாண்டிய ஏப்ரன் ஒன்று, கம்பு பிடிக்க முழங்கை வரை வரும் அராமிட் கையுறை ஒரு ஜோடி. கையுறை நனைந்தால் உடனே கழற்றச் சொல்லுங்கள், ஈரம் ஆவியாகிக் கையைச் சுடும். கற்பூரத் தட்டு ஏந்தி நிற்கும் பெண்களுக்கும் நைலான் சேலை வேண்டாம் என்று கோயில் குழுவே அறிவித்தால் நல்லது.

வெட்டி மிஞ்சும் துண்டுகளை என்ன செய்வது?

எறியாதீர்கள், விலை கொடுத்த துணி. கைப்பிடி அளவுத் துண்டுகளை லாட் எண்ணோடு பையில் போட்டு வையுங்கள். அதே உடுப்பு பழுதுக்கு வரும்போது ஒட்டுப் போட அதைவிடப் பொருத்தமானது கிடைக்காது. காலருக்குள் வைக்கும் அடுக்குக்கும் உதவும். கல்யாணத்துக்கு பிரியாணி அண்டா இறக்குகிறவர்களுக்குப் பிடிதுணி தைக்கலாம், மூன்று நாலு அடுக்கு வைத்து, நடுவில் பழைய கம்பளித் துண்டு ஒன்று சேர்த்து. பாத்திரத்தின் சூட்டை அராமிட் மட்டும் தடுக்காது, தடிமன்தான் தடுக்கும். அதற்கும் அதே நூலைப் போடுங்கள்.